ஐதரசன் வரவில்லையா? ஊக்கியைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

சோடியம் போரோஐதரைட்டு என்ற வெண்தூளை (இங்கே இதுவே எரிபொருள்) காரம், அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, சேர்ந்த நீரில் கரைத்து, அந்தக் கரைசலில் இருந்து கோபாற்று ஊக்கியால் (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) ஐதரசன் எடுக்கும் சிறிய அமைப்புகளுக்கான வழிமுறை இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வளாக ஆய்வுகூடங்களிலும் உயர்தர மாணவரின் செயற்றிட்டங்களிலும் பழுது என்றதும் முதலில் பழி விழுவது ஊக்கியின் தலையில். பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் அது குற்றமற்றது. தண்ணீர், ஈரம் பிடித்த தூள், கசியும் குழாய் என்று மலிவானவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் ஊக்கியைப் புதிதாகச் செய்ய இறங்க வேண்டும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் நிக்கல் நுரையில் (பஞ்சு போலத் துளையுள்ள உலோகத் தகடு) கோபாற்று-போரைட்டுப் படிய வைத்த ஊக்கிக்கும் (கீழே ‘தகடு’ என்பது இதையே), 32 பாகை செல்சியசு அறைக்கும் உரியவை.

எந்தப் பழுதானாலும் முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

அமிலச் சோதனை: 0.10 கிராம் போரோஐதரைட்டை 5 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். வாயுவை 500 மில்லிலீற்றர் அளவுசாடியில், தண்ணீரைக் கீழிறக்கிச் சேகரிக்கும்படி குழாயைப் பொருத்துங்கள். புனலில் இருந்து 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலீற்றரைத் துளித்துளியாக விடுங்கள். அமிலம் ஊக்கியின் உதவியின்றியே முழு ஐதரசனையும் வெளியேற்றிவிடும். தூள் சுத்தமாக இருந்தால் 32 பாகையில், நீராவியோடு சேர்த்து, ஏறத்தாழ 278 மில்லிலீற்றர் வர வேண்டும். உள்ளே விட்ட அமிலத்தின் கனவளவை வாசிப்பில் இருந்து கழிக்க மறக்க வேண்டாம். 265க்கு மேல் என்றால் எரிபொருள் நல்லது. 220க்குக் கீழே என்றால் ஒன்றில் தூள் கெட்டுவிட்டது, அல்லது எங்கோ கசிகிறது. செறிந்த அமிலத்தையும் உலர்ந்த தூளையும் ஒருபோதும் நேரடியாகச் சந்திக்க விடாதீர்கள். நச்சு வாயுவான டைபோரேன் உருவாகவும் தீப்பற்றவும் அதுவே வழி.

கோபாற்றுத் துளிச் சோதனை: எரிபொருட் கரைசல் 2 மில்லிலீற்றரைத் திறந்த சோதனைக் குழாயில் எடுத்து, 1% கோபாற்றுக் குளோரைட்டுக் கரைசலில் ஒரு துளி விடுங்கள். உடனே கறுத்து, நுரைத்துப் பொங்கினால் கரைசலில் பிழையில்லை. 1953இல் இரசாயனவியலாளர் ஷ்லெசிங்கர், ஹெர்பர்ட் பிரவுண் முதலானோர் வெளியிட்ட ஆய்விலேயே இந்த உப்பின் வேலை பதிவாகிவிட்டது. இன்றைக்கும் இதைவிட மலிவான ஒப்பீடு கிடையாது. துளி வேலை செய்து, உங்கள் தகடு வேலை செய்யாவிட்டால் மட்டுமே ஊக்கியைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று: ஊக்கி புதிதாக இருக்கும்போதே அதன் வேகத்தைக் குறித்து வையுங்கள். 1% காரமுள்ள 10 மில்லிலீற்றர் நீரில் 0.10 கிராம் போரோஐதரைட்டு, 30 பாகை நீர்த்தொட்டி, சாடியில் 139 மில்லிலீற்றர் (அதாவது பாதி) சேர எடுத்த நேரம். அதைப் போத்தலின் மேல் எழுதி ஒட்டுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பெரிய எண்களோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதைவிட, உங்கள் தகட்டின் இன்றைய வேகத்தை அதன் நேற்றைய வேகத்தோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

பழுது 1: வாயுவே வரவில்லை

*கரைசலில் குமிழி தெரிகிறது, சாடியில் ஒன்றும் சேரவில்லை.* கசிவு. இறப்பர் அடைப்பு, குழாய் பொருத்தும் இடம், புனலின் திருகு மூன்றிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். மெல்லிய சிலிக்கன் குழாயின் சுவருக்குள்ளாகவே ஐதரசன் ஊடுருவி வெளியேறும். நீளம் ஒரு அடிக்கு மேல் போனால் தடித்த பிவிசி அல்லது டெஃப்லோன் குழாய்க்கு மாறுங்கள்.

*குமிழியே இல்லை, அமிலச் சோதனையிலும் வாயு குறைவு.* தூள் கெட்டுவிட்டது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரியில் போத்தலைத் திறந்து வைத்துத் தராசில் நிறுக்கும் அந்தச் சில நிமிடமே போதும், தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபடும். கட்டிபட்ட தூளை வெதுப்பியில் வைத்து உலர்த்த முயலாதீர்கள். சேமிக்க சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்திப் பாத்திரம் போதும். ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். வேலைக்கு வேண்டியதைச் சிறு குப்பிகளில் பிரித்து வைத்துவிட்டால் பெரிய போத்தலை மாரியில் திறக்கவே வேண்டியதில்லை.

*குமிழி இல்லை, அமிலச் சோதனையும் துளிச் சோதனையும் சரி.* பத்து நிமிடம் பொறுங்கள். காற்றுப் பட்டு மேற்பரப்பு ஒட்சியேறிய தகடு உடனே எழும்பாது. போரோஐதரைட்டே அந்த ஒட்சைட்டைத் தாழ்த்தி, பிறகுதான் வேலை தொடங்கும். தாமதம் ஒவ்வொரு முறையும் தொந்தரவாக இருந்தால், தகட்டை 1% போரோஐதரைட்டுக் கரைசலில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, காய்ச்சி வடித்த நீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகட்டில் கோபாற்று இல்லை என்று பொருள். பழுது 5க்குப் போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பம்பு மூலம் கரைசலை ஊட்டும் அமைப்பானால், வாயு வரவில்லை என்று கண்டதும் முதலில் பம்பை நிறுத்துங்கள். தகடு தூங்கும்போது கரைசல் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். தகடு விழித்ததும் சேர்ந்தது எல்லாம் ஒரேயடியாகப் பொங்கும். கரண்ட் போய் வரும்போது தானாகவே ஓடத் தொடங்கும் பம்பிலும் இதே ஆபத்து. கையால் அழுத்தினால் மட்டும் மீளத் தொடங்கும் சுவிட்ச் பொருத்துங்கள்.

பழுது 2: தொடக்கம் முதலே மந்தம்

இதுவே அடிக்கடி வருவது. மலிவில் இருந்து செலவு வரை வரிசையாகப் போங்கள்.

வெப்பநிலை. 10 பாகை குறைந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். குளிரூட்டிய 22 பாகை அறையில் செய்ததை வெளியே 32 பாகையில் செய்ததோடு ஒப்பிட்டு ஊக்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு.

தண்ணீர். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. காரம் சேர்ந்ததும் மகனீசியமும் கல்சியமும் வெள்ளையாக வீழ்ந்து, தகட்டின் துளைகளில் போய்ப் படியும். சோதனை எளிது: 50 மில்லிலீற்றர் தண்ணீரில் அரைக் கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். கலங்கினால் அந்தத் தண்ணீர் ஆகாது. குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர் பாத்திரம் கழுவப் போதும், கரைசல் செய்யப் போதாது. காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாளில் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரை இதே சோதனையில் தேறிய பின் எடுக்கலாம்.

காரத்தின் அளவு. கோபாற்று ஊக்கிக்கு ஓரளவு காரம் கைகொடுக்கும், மிஞ்சினால் கரைசல் தடித்து வேகம் விழும். 3 முதல் 5% என்ற எல்லைக்குள் நில்லுங்கள். ருதேனியம் பூசிய ஊக்கியானால் கதை வேறு: அங்கே காரம் கூடக்கூட வேகம் குறையும். கோபாற்றுக்கு எழுதிய செய்முறையை ருதேனியத்துக்கு அப்படியே எடுக்க வேண்டாம்.

தகட்டின் மேல் வெள்ளைப் படிவு. முன்னைய ஓட்டத்தில் எரிபொருள் ஐதரசனை விட்டபின் எஞ்சிய போரேற்று. 50 முதல் 60 பாகைக் காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். இரண்டாம் முறையும் ஊறவிடலாம். அமிலத்தால் கழுவ ஆசைப்படாதீர்கள்: படிவோடு கோபாற்றும் கரைந்து போய்விடும். ஆனால் படிவு கிணற்றுத் தண்ணீரின் கல்சியத்தால் வந்ததென்றால் சுடுநீருக்கு அசையாது. அந்தத் தகட்டை உரித்துப் புதிதாகப் பூசுவதே வழி.

அளவுக்கு மீறிய சூடேற்றம். தகட்டைப் பூசிய பின் நைதரசனில் 200 முதல் 300 பாகை வரை இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பிடிமானம் கூடும். 500 பாகையை நெருங்கினால் படை பளிங்காகி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வேலை செய்யும் மேற்பரப்பு சுருங்கிவிடும். இதற்கு மீட்சி இல்லை. உலையின் வெப்பமானியை நம்பாமல் வேறொரு வெப்ப இணையால் ஒரு தடவை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

பழுது 3: நன்றாகத் தொடங்கி, நடுவில் நின்றுவிடுகிறது

கரைசலில் வெள்ளைப் பளிங்கு தெரிந்தால் செறிவு கூடிவிட்டது. 25 பாகையில் 100 கிராம் நீரில் போரோஐதரைட்டு 55 கிராம் வரை கரையும். அது விட்டுச் செல்லும் மெற்றாபோரேற்றோ 28 கிராம் மட்டுமே. கரைவதை வைத்துக் கணக்குப் போட்டால் முடிவில் கல்லாகிவிடும். 100 கிராம் நீருக்கு 16 கிராம் போரோஐதரைட்டு உச்ச எல்லை. தாக்கமே நீரைக் குடிப்பதாலும், சூட்டில் ஆவி போவதாலும் 10 கிராமோடு நிற்பது புத்தி.

பளிங்கு இல்லை, ஆனால் அமுக்கமானி ஏறியபடி வாயு நின்றுவிட்டதா? வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. இதை நோண்டிப் பார்க்காதீர்கள். முகத்தை விலக்கி, பாதுகாப்பு வால்வைத் திறந்து அமுக்கத்தை இறக்கிய பிறகே குழாயைக் கழற்றி வெந்நீர் ஓட விடுங்கள். பாதுகாப்பு வால்வு இல்லாத மூடிய பாத்திரத்தில் இந்தத் தாக்கத்தை நடத்தவே கூடாது.

தகட்டின் மேல் பெரிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் தகட்டைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

பழுது 4: அளவு மீறிய வேகம், கொதிப்பு

ஒரு கிராம் போரோஐதரைட்டு ஏறத்தாழ 5.6 கிலோஜூல் வெப்பத்தை விடும். 50 மில்லிலீற்றர் நீரில் ஒரு கிராம் போட்டால் 27 பாகை ஏறும். 32இல் தொடங்கினால் 59. அதே 50 மில்லிலீற்றரில் 5 கிராமும் ஒரேயடியாக ஓடினால் கணக்கு கொதிநிலையைத் தாண்டிப் போகிறது. 25 பாகைக்கு எழுதிய செய்முறை சித்திரைப் பகலில் தகரக் கூரைக்குக் கீழே தொடக்கத்திலேயே இரட்டை வேகத்தில் ஓடும், ஓடும்போது சூடேறி இன்னும் வேகமெடுக்கும்.

நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது: பம்பை நிறுத்து, நீண்ட இடுக்கியால் தகட்டைத் தூக்கு, பாத்திரத்தைப் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கு. மூடியால் அடைக்காதே. தணிக்கலாம் என்று அமிலம் ஊற்றாதே, அது எஞ்சியதை எல்லாம் ஒரே நொடியில் வாயுவாக்கும். பம்பை நிறுத்தியதோடு சரி, வேறு சுவிட்ச் எதையும் தொடாதே, மின்விசிறி உட்பட. காற்றில் 4 முதல் 75% வரை ஐதரசன் தீப்பற்றும், அது கூரையடியிலேயே தேங்கும். மேல் யன்னல்கள் வேலை தொடங்கும் முன்பே திறந்திருக்க வேண்டும்.

கரைசல் 60 பாகையைத் தாண்டியும் தகடு கைக்கு எட்டாவிட்டால் அறையை விட்டு வெளியேறுங்கள். கிராம் கணக்கிலான அளவு தானாகவே எரிபொருள் தீர்ந்து அடங்கிவிடும். போரோஐதரைட்டுத் தூளில் தீப்பிடித்தால் தண்ணீரோ காபனீரொட்சைட்டு அணைப்பானோ வேண்டாம், உலர்ந்த மணல். ஒரு வாளி மணல் எப்போதும் அருகில் இருக்கட்டும், மாரியில் அது ஈரமாகாமல் மூடி வையுங்கள்.

பழுது 5: ஊக்கி உரிந்து கரைசல் கறுக்கிறது

கரைசலைத் தெளியவிட்டு, போத்தலின் அடியில் வலுவான காந்தம் வைத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் அந்தப் பக்கம் திரண்டால் அது கோபாற்றுப் படையே. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தகட்டை உலர்த்தி நிறுத்தால் எவ்வளவு போனது என்று தெரியும்.

நிக்கல் நுரையைக் கழுவாமல் பூசியதே பெரும்பாலும் காரணம். அசெற்றோனில் பத்து நிமிடம், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம், பிறகு கழுவும் நீர் நடுநிலையாகும் வரை காய்ச்சி வடித்த நீர். விரல் பட்ட இடத்தில் படை பிடிக்காது. பூசும்போது 5% கோபாற்றுக் குளோரைட்டில் தோய்த்து, வடியவிட்டு, காரமுள்ள 5% போரோஐதரைட்டில் தோய்த்து, அலசி, மறுபடியும் தொடங்குவது. ஒரே தடவையில் தடித்த படை வேண்டும் என்று செறிவைக் கூட்டினால் அது சாம்பல் போல உதிரும். பல மெல்லிய சுற்றுகளே நிற்கும். அலசிய நீர் இளஞ்சிவப்பாக வந்தால் தாழ்த்தப்படாத கோபாற்று இன்னும் இருக்கிறது, போரோஐதரைட்டில் தோய்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

உதிர்ந்த கறுப்புத் தூளை வடிதாளில் உலரவிட்டுக் குப்பையில் போடாதீர்கள். புதிதாகத் தாழ்த்திய நுண்தூள் காற்றுப் பட்டுத் தானே சூடேறித் தாளைப் பற்றவைக்கக் கூடியது. நீருக்குள் வைத்தே சேகரியுங்கள். கோபாற்று உப்பின் தூசியைச் சுவாசிப்பதும் நல்லதல்ல, நிறுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

பழுது 6: வாயுக் கணக்கு ஒத்துவரவில்லை

கூட வந்தால்: சூடான வாயுவை அளந்திருக்கிறீர்கள், அல்லது நீராவியைக் கழிக்கவில்லை. அறை வெப்பநிலைக்கு வர 20 நிமிடம் விட்டு வாசியுங்கள்.

குறைய வந்தால்: கசிவு, கெட்ட தூள், முடியாத தாக்கம் என்ற வரிசை. மூன்றாவதைப் பிரித்தறிய, ஓய்ந்த கரைசலில் ஒரு துளி அமிலம் விடுங்கள். நுரைத்தால் எரிபொருள் எஞ்சியிருக்கிறது.

பழுது 7: ஊக்கி இல்லாமலே கரைசல் குமிழி விடுகிறது

காரம் போதவில்லை. 32 பாகையில் கரைசல் பாதியாகச் சிதைய எடுக்கும் காலம் பீஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 14இல் ஏறத்தாழ 240 நாள், 13இல் 24 நாள், 12இல் இரண்டரை நாளுக்குக் குறைவு, 10இல் வெறும் 35 நிமிடம். பழைய, மேலே வெள்ளைப் பொருக்குப் படிந்த எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) வில்லைகள் காற்றின் காபனீரொட்சைட்டைக் குடித்துப் பாதி காபனேற்றாகியிருக்கும். நிறுவை சரியாக இருந்தும் பீஎச் ஏறாததற்கு அதுவே காரணம். புதிய போத்தலில் இருந்து எடுங்கள். காரத்தை முதலில் கரைத்து, ஆறவிட்டு, அதன் பிறகே போரோஐதரைட்டைப் போடுங்கள்.

காரம் சரி என்றால் யாரோ தகடு தொட்ட கரண்டியைப் போத்தலில் விட்டிருக்கிறார். ஒரு கறுப்புத் துகள் போதும். அந்தக் கரைசலை அன்றைக்கே செலவழியுங்கள். எந்தக் கரைசலானாலும் போத்தலை இறுக மூடாமல், வாயு போக வழிவிட்டு வையுங்கள்.

பழுது 8: வாயு வருகிறது, எரிபொருட் கலம் ஓடவில்லை

ஐதரசனில் இருந்து மின்சாரம் தரும் இந்தக் கலத்துக்கு எவ்வளவு வாயு தேவை என்று முதலில் கணக்கிடுங்கள். ஒரு கலம் 1 அம்பியர் தர, 30 பாகையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.7 மில்லிலீற்றர் வேண்டும். 10 கலம், 2 அம்பியர் என்றால் 154. வேகம் அதற்குக் கீழே என்றால் கலத்தில் பிழையில்லை.

வேகம் போதும் என்றால், குழாயில் இருந்த காற்றை வெளியே தள்ள ஓரிரு நிமிடம் வாயுவை யன்னலுக்கு வெளியே விட்டுவிட்டுக் கலத்தில் இணையுங்கள். அடுத்தது காரத் திவலை. வாயு வரும் வாயில் ஈரமான சிவப்புப் பாசிச்சாயத் தாளைப் பிடியுங்கள். நீலமானால் காரம் வாயுவோடு போகிறது, கலத்தின் மென்சவ்வு கெடும். காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல் ஒன்றினூடாகவும், பிறகு வெற்றுப் போத்தல் ஒன்றினூடாகவும் வாயுவைச் செலுத்துங்கள்.

போரோஐதரைட்டுக்குப் பதிலாக அமோனியா போரேனைப் பயன்படுத்துவோருக்கு அமோனியாவும் சேர்ந்து வரும். நீர்ப் போத்தலுக்குப் பதிலாக ஐதான சல்பூரிக் அமிலம் வேண்டும். போமிக் அமிலத்தைப் பலேடிய ஊக்கியால் பிரித்து ஐதரசன் எடுப்போருக்கு எதிரி காபனோரொட்சைட்டு: மில்லியனில் பத்துப் பங்கே கலத்தின் ஊக்கியான பிளாற்றினத்தை மூடிவிடும். மணமற்றது, நச்சு. அதற்கான உணர்கருவி இல்லாமல் மூடிய அறையில் அந்த வேலை வேண்டாம்.

எப்போது நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது

எரிபொருள், தண்ணீர், கசிவு மூன்றும் தேறி, சுடுநீரில் கழுவியும், போத்தலில் எழுதிய நேரத்தின் மூன்று மடங்கு எடுக்கிறதா? ஒரு தடவை புதிதாகப் பூசுங்கள். அதுவும் அப்படியே என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல இனி ஒன்றுமில்லை. தகட்டின் ஒரு துண்டை இலத்திரன் நுணுக்குக்காட்டி உள்ள பல்கலைக்கழக இரசாயனவியற் துறைக்கு அனுப்புங்கள். பழைய துண்டையும் புதிய துண்டையும் சேர்த்தே அனுப்புங்கள், ஒன்றை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ருதேனியத்துக்கு மாறும் செலவை அதன் முடிவு வந்த பின் யோசிக்கலாம்.

அமுக்கமானி, சிலிண்டர், வால்வு சம்பந்தமான எந்தப் பழுதையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இல்லாமல் திருத்த வேண்டாம். கரைசல் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடியே அம்புலன்ஸ் சேவையின் 1990க்கு அழையுங்கள்.

முடிந்த கரைசலை எங்கே விடுவது

வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. ஒரு கிராம் போரோஐதரைட்டில் 286 மில்லிகிராம் போரன் இருக்கிறது. பாசன நீரில் லீற்றருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் போனால் போரனுக்கு நலிந்த பயிர்கள் காட்டத் தொடங்கும். அந்தக் கணக்கில் ஒரு கிராம் 400 லீற்றர் தண்ணீரைக் கெடுக்கும். வெங்காயம், பயறு, எள்ளு, கச்சான் எல்லாம் நலிந்த பட்டியலில்தான் வருகின்றன. வன்னியின் மேட்டுநிலப் பயிர்களே அவை. துளி அமிலத்துக்கு நுரைக்கவில்லை என்று உறுதிப்படுத்திய பின், அகன்ற பிளாத்திக்குத் தட்டில் வெயிலில் வற்றவிட்டு, வெள்ளைப் பொருக்கைப் பெயரும் திகதியும் எழுதிய போத்தலில் சேருங்கள். இதை மறுபடி போரோஐதரைட்டாக்கும் செலவு பெரிது. 2007இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வாகனங்களுக்கு இந்த முறையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்ததில் அந்தச் செலவுக்கும் பங்குண்டு. கோபாற்றுத் தூள் கலந்த கழிவை இதனோடு சேர்க்காமல் தனிப் போத்தலில் வையுங்கள்.